கைப்பிடி அரிசி

சென்ற மாதம் ஒரு மாலை எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். காபி சாப்பிட்டார். மழை, தண்ணீர்க் கஷ்டம், அம்பத்தூர் ரெயில்வே கேட் எல்லாவற்றையும் பேசி முடித்தபின் விஷயத்துக்கு வந்தார். வருகிற மாதம் குடும்ப ஞாயிறு; அன்றைக்கு ஆராதனையில் நான் ஒரு பத்து நிமிஷம் பேசவேண்டும். தலைப்பும் தயாராக வைத்திருந்தார்: 'தினசரி வாழ்க்கையில் தேவ ஆராதனை.'

"நீங்கள் எழுத்தாளர். உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?" என்றார்.

எழுத்தாளன் என்றால் எதைப் பற்றியும் பேசுவான் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியே வந்தவன் நான். இருந்தாலும் பொருளாதாரம் முதல் பூச்சிமருந்து வரையில் என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

அவர் படி இறங்கிப் போனதும் என் மனைவி சிரித்தாள். "நம்ம வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணி எத்தனை நாளாச்சுன்னு அவர் கேக்கலியே, அதைச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பெண்ணுக்கு ட்யூஷன் முடிந்து வீடு வர எட்டரை மணி. மூன்று பேரும் விழித்திருக்கும் நேரம் வாரத்தில் நான்கு மணி சேர்ந்தால் அதிகம். குடும்ப ஜெபத்தை மறுபடி தொடங்குவது என்று நான் இரண்டு முறை தீர்மானம் செய்ததுண்டு. இரண்டும் புது வருஷத்து முதல் வாரத்தில். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த நாள் யார் வேதம் வாசிப்பது என்று கட்டம் போட்டேன். நாலாம் நாள், "ஜெபத்துக்கு வா என்று எத்தனை தடவை கூப்பிடுவது?" என்று நான் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கே கேட்டது. அப்படிக் கத்திவிட்டு, உடனே கண்ணை மூடிக்கொண்டு "அன்பின் பரமபிதாவே" என்று தொடங்க எனக்கே வெட்கமாக இருந்தது. நோட்டுப் புத்தகம் பிற்பாடு பால் கணக்கு எழுத உபயோகப்பட்டது.

என் அப்பாவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அவர் காலத்தில் குடும்ப ஜெபம் என்பது சர்க்கார் உத்தரவு மாதிரி. இரவு எட்டு மணிக்குப் பாய் விரித்தாகவேண்டும். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம், பிறகு முழங்காலில் நின்று ஜெபம். அப்பாவின் ஜெபம் நீளமானது. அதில் உலகத்து ராஜாக்களும் மந்திரிகளும் முதலில் வருவார்கள், பிறகு வியாதியஸ்தர்கள், கடைசியில் நாங்கள். "கர்த்தாவே, கணக்குப் பாடத்தில் முப்பத்திரண்டு மார்க் வாங்கியிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று அவர் விண்ணப்பிக்கும்போது, கடவுளிடம் சொல்கிறாரா, என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாது. என் தங்கை முழங்காலில் நின்றபடியே தூங்கிவிடுவாள். 'ஆமென்' என்ற சத்தம் கேட்டதும் சரியாக விழித்துக்கொண்டு, அவளும் ஒரு ஆமென் சொல்வாள்.

அதைக் கேலி செய்வதாக நினைக்கவேண்டாம். அந்தப் பாய்மீது கற்றுக்கொண்ட தமிழில்தான் இன்றைக்கும் பிழைக்கிறேன். ஆனால் போதகர் சொன்ன தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தபோது, அப்பாவின் ஜெபம் என் மனசில் வந்து நிற்கவில்லை. அம்மாவின் கலயம்தான் வந்து நின்றது.

அம்மா நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. பனையும் செம்மண் தேரியும் நிறைந்த பிரதேசம். அவளுடைய தகப்பனார் பனையேறி. அந்தக் கிராமங்களில் காலையிலும் மாலையிலும் கோயில் மணி அடிக்கும். (கோயில் என்றால் மாதாகோயில்தான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பாதிரியாரை 'ஐயர்' என்போம்.) அரிவாளும் கையுமாகப் போகிறவர்கள் ஐந்து நிமிஷம் கோயிலில் உட்கார்ந்துவிட்டுப் பனைக்குப் போவார்கள். ஆராதனைக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கவேண்டிய அவசியம் இல்லை. வேலைக்குப் போகிற வழியிலேயே அது இருந்தது.

அம்மா கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தாள். 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை ஆரம்பமாயிற்று. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. தெற்கேயிருந்து ரெயிலேறியவர்களெல்லாம் இங்கே இறங்கினார்கள். அப்பாவும் அப்படி வந்தவர். பேட்டையில் ஒரு கம்பெனியில் டர்னர். இங்கே மணிக்குப் பதில் சங்கு. முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, மூன்றாம் ஷிப்டு என்று மனுஷனுடைய தூக்கத்தையே மூன்றாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். கோயில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆகிவிட்டது.

ஆனாலும் ஜனங்கள் ஏதோ ஒரு வழி பண்ணிக்கொள்ளாமல் இல்லை. காலை ரெயிலில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரையில் போய்ப் பாருங்கள். ஒருவர் கண்ணை மூடிக் கவசம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பெட்டியில் தாளம் போட்டுப் பஜனையே நடக்கும். ஜன்னலோரம் ஒரு பெண் ஜிப் வைத்த வேதப் புத்தகத்தைத் திறந்து, பட்டரவாக்கத்தில் ஆரம்பித்து வில்லிவாக்கத்தில் ஒரு அதிகாரத்தை முடித்துவிடுவாள். வீட்டில் இருந்தாலும் வழியில் போனாலும் கடவுளின் வார்த்தையைப் பேசிக்கொண்டிரு என்று உபாகமத்தில் மோசே சொன்னதற்கு, அந்த ரெயில் பெட்டியைவிட நல்ல வியாக்கியானம் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு ரெயிலும் கிடையாது. அவள் உலகம் அடுப்படி. அங்கே, அரிசிப் பானைக்கு மேலே ஒரு தட்டில் அந்தக் கலயம் இருக்கும். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பதநீர் இறக்கும் கலயம். உள்ளே சுண்ணாம்புக் கறை போகவே இல்லை. தினம் காலையில் உலைக்கு அரிசி அளந்து சுளகில் போட்டதும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். உதடு லேசாக அசையும். அவ்வளவுதான். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்து அம்மாள் ஒருத்தி சாக்குப்பையோடு வருவாள். எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேர்ந்து, கோயில் வாசலில் ஏலம் போகும். அந்தப் பணம் ஊழியத்துக்கு.

பின்னால் நான் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களே தங்கள் காசில் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்கு முன்நின்றவர் வெள்ளாளன்விளைக்காரரான வி. எஸ். அசரியா. 1912-ல் அதே தோர்ணக்கல்லுக்கு அவர் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவருடைய அத்தியட்சத்தில் ஏழைக் கூலிக்காரப் பெண்கள் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். 1910 முதல் மிசோரம் மலையிலும் இந்த வழக்கம் உண்டு. பெரிய பெரிய காரியங்களை அந்த அரிசியிலேயே நடத்தியிருக்கிறார்கள். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்லமுடியாது. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் என்று வீட்டுக்கு வீடு சொல்லி வைத்தது பலருக்கு ஞாபகமிருக்கும். பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமையல்காரராக இருந்து 1691-ல் காலமான லாரன்ஸ் என்ற துறவி, ஜெப நேரத்துக்கும் பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கும் தமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னாராம். அம்மா அவரைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தால், 'ஆம்பிளைக்கு அது தெரிய மடத்துக்குப் போகவேண்டியிருக்கு' என்றிருப்பாள்.

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கலயத்தின்மேல் எனக்கு ஒரு பகை இருந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

1992-ல் அப்பாவின் கம்பெனியில் கதவடைப்பு. எனக்குப் பதினோரு வயசு, தங்கைக்கு எட்டு. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தது ஏழு மாதம் நீண்டது. அப்பா தினமும் கம்பெனி வாசலுக்குப் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஜெபத்தில் ராஜாக்களும் மந்திரிகளும் குறைந்து போனார்கள். அம்மா தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்தாள். ரேஷன் அரிசியை ஆழாக்கு ஆழாக்காக எண்ணிச் செலவு செய்தோம். காலையில் கஞ்சி, இரவு சோறு என்று பெயருக்கு ஏதோ. மத்தியானம் ஒன்றும் இராது.

கலயத்தில் மட்டும் தினம் ஒரு பிடி விழுந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தையல் முக்காலியைப் போட்டு ஏறி, கலயத்தில் கையை விட்டேன். புழுங்கலரிசி. வாயில் போட்டு ஊறவைத்து மென்றால் பால் போல இருக்கும். தங்கைக்கும் கொடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். அதற்கு மறுநாள் அவளே முக்காலியை எடுத்துப் போட்டு வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். இப்படி ஒரு வாரம்.

அம்மா கண்டுபிடித்தாள். கையும் களவுமாகத்தான். முக்காலிமேல் நின்றபடி, கன்னத்தில் அரிசி உப்பிக்கொண்டிருக்க, நான் அழுதிருக்கலாம், அழவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. "சாமி சாப்பிடவா போறார்? எங்களுக்கே இல்லே, அவருக்கு எதுக்கு?" என்று கத்தினேன்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவரு சாப்புடமாட்டாருல. நமக்கு இல்ல, நமக்கு இல்லன்னு கை சொல்லிக்கிட்டே கெடந்தா, அதுவே அதுக்குப் பழகிப்போயிரும். பொறவு மூடை மூடையா வந்தாலும் இல்லன்னுதாம்ல சொல்லும்."

என்னைக் கீழே இறக்கிவிட்டாள். கலயத்தை எடுத்து, அதில் இருந்த அரிசி அத்தனையையும் சுளகில் கொட்டினாள். உலை வைத்தாள். களைவதற்கு முன்னால், அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் காலிக் கலயத்தில் போட்டாள். உதடு அசைந்தது. அன்று இரவு நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அந்த மாதம் சாக்குப்பைக்கார அம்மாள் வந்தபோது கலயத்தில் நாலைந்து பிடிதான் இருந்தது. "பிள்ளையளுக்குப் பொங்கிட்டேன்" என்று அம்மா உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மாள் பதில் பேசாமல் வாங்கிப் போனாள்.

இதை ஒரு நல்ல கதையாக முடித்துவிடலாம். என் தங்கை ஒத்துக்கொள்ளமாட்டாள். அவள் இப்போது கோயிலுக்குப் போவதில்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. "ஒரு பிடி ஐம்பது கிராம். மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ. அது நாலு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. ஏழு மாசத்தில் ஏழு நாள் அம்மா நம்மைப் பட்டினி போட்டாள்" என்பாள். நான் சாறிபாத் ஊர் விதவையின் கதையைச் சொல்வேன். பஞ்சகாலத்தில் கடைசிப் பிடி மாவையும் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தாளே, அவள் பானை குறையவே இல்லையே என்பேன். "அவள் பானை குறையவில்லை. நம் பானை குறைந்துகொண்டேதானே வந்தது?" என்று கேட்பாள்.

வாஸ்தவம்தான். எங்கள் பானையில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கதவடைப்பு நீங்கியபோது அப்பாவின் தலைமயிர் பாதி நரைத்திருந்தது. தங்கைக்குச் சொல்ல இன்றுவரையில் என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் அவள் இதை நேரில் கேட்டதும் உண்டு. அம்மா, "ஆமாம்மா, பசிச்சுதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள், சமாதானம் சொல்லவில்லை.

பிறகு 2020 வந்தது. மார்ச்சு 25 முதல் ஊரடங்கு. கோயில் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை கைப்பேசிக்குள் வந்தது. அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, கைப்பேசிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவாள். விசுவாசப்பிரமாணம் வரும்போது எழுந்து நிற்பாள். நாங்கள் உட்கார்ந்திருந்தால் முறைப்பாள். ஏப்ரல் 12 ஈஸ்டர் பண்டிகைகூட அப்படித்தான் போயிற்று. வருஷக்கணக்காகச் சபைக்குப் போய்வந்த பலருக்கு, கோயில் பூட்டியதும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எனக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு சுவரில் எங்கள் பக்தி முழுவதையும் சாய்த்து வைத்திருந்தோம். சுவரை எடுத்ததும் விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. காலையில் எழுந்தாள்; அரிசி அளந்தாள்; ஒரு பிடி போட்டாள்.

சாக்குப்பை வராததால் கலயம் நிரம்பி வழிந்தது. எங்கள் எதிர்மாடியில் பேட்டையில் வேலை செய்யும் ஒரிசாப் பையன்கள் ஆறேழு பேர் ஒரே அறையில் இருந்தார்கள். கம்பெனி மூடி, கூலி இல்லாமல், ஊருக்கு ரெயிலும் இல்லாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு நாள் அம்மா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கலயத்தோடு படியிறங்கினாள். கோயிலுக்கு என்று எடுத்து வைத்ததாயிற்றே என்று நான் இழுத்தேன்.

"கதவடைப்புல கெடக்கிற பிள்ளைய. முன்னாடி ஒருக்கா நம்ம வீட்டுலயும் பொங்கினதுதான?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அந்த நாளைப்பற்றிப் பேசியது அது ஒரு தடவைதான். திரும்பி வந்ததும் கலயத்தைக் கவிழ்த்துத் தட்டி, மேலே வைத்தாள். மறுநாள் காலையில் அதன் அடியில் முதல் பிடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. காலிக் கலயத்தில் அரிசி விழுகிற சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்கும்.

அம்மா 2022-ல் போய்விட்டாள். வீட்டில் இருந்து எழுதுகிறவன் என்பதால் சமையல் இப்போது என் பொறுப்பு. மின்சார அடுப்பில் கப்பு கணக்குக்குத் தண்ணீர். அதில் ஒரு பிடி எடுத்தால் அளவு கெட்டுச் சோறு குழைகிறது. ஆரம்பத்தில் பல நாள் மறந்தேன். குழைந்த சோற்றைப் பார்த்து என் பெண், "இன்னிக்குப் பாட்டிக்குப் போட்டீங்களா?" என்று கேட்பாள். பாட்டிக்கு இல்லை என்று விளக்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். கையில் அரிசி இருக்கும் அந்த அரை நிமிஷத்தில் நான் பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்வதில்லை. யாராவது ஒருவர் முகம் மனசில் வரும். சில நாள் தங்கை முகம் வரும்.

சபையில் இப்போது அரிசி வாங்குவதில்லை. கைப்பேசியிலேயே காணிக்கை அனுப்பிவிடலாம். அது சௌகரியம், குறை சொல்லமாட்டேன். எங்கள் கலயத்து அரிசி மாதக் கடைசியில் தெருக்கோடியில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் போகிறது.

குடும்ப ஞாயிறன்று இதைத்தான் சொன்னேன். பத்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. வெளியே வரும்போது போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆராதனையைப் பற்றிப் பேசச் சொன்னால் திருட்டைப் பற்றிப் பேசிவிட்டீர்களே" என்று சிரித்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு உண்மை சொல்லவேண்டும். நேற்று பத்திரிகைக்குக் கட்டுரை முடிக்கிற அவசரத்தில், கைப்பிடி அரிசியைப் பற்றி எழுதிக்கொண்டே, கைப்பிடி அரிசி போட மறந்துவிட்டேன். இன்று காலை அதற்கும் சேர்த்து இரண்டு பிடி போட்டேன். அம்மா இருந்திருந்தால் ஒரு பிடியைத் திருப்பிச் சுளகில் போட்டிருப்பாள். "நேத்தைக்கு உள்ளது நேத்தோட போச்சுல. இன்னைக்கு உள்ளதைப் போடு" என்றிருப்பாள்.